ரூவான் சதுக்கத்துத் தேவாலயத்தை உள்ளே சென்று பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பிரான்சின் நார்மண்டிப் பகுதியைப் பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ரூவான் நகரின் பேராலயத்தையும், பெருங்கடிகாரத் தெருவையும், மரச்சட்டங்கள் வெளியே தெரியும்படி கட்டப்பட்ட பழைய வீடுகளையும் கட்டுரையாளர் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஆனால் 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரை எதிர்த்துப் பிரெஞ்சுப் படைகளுடன் போரிட்ட இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க் எரிக்கப்பட்ட பழைய சந்தைச் சதுக்கத்தில், அவர் பெயராலேயே இன்று நிற்கும் தேவாலயத்துக்குக் கட்டுரையாளர் ஒதுக்கியது இரண்டே வரிகள். சதுக்கத்தின் பழைமைக்குச் சற்றும் பொருந்தாத நவீனக் கட்டடம் என்றும், வெளியே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடலாம் என்றும் அவர் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாயிற்று. அந்தத் தேவாலயத்துக்குள் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த இரண்டு வரிகளை நம்பி வாசகர்கள் யாரும் வாசலோடு திரும்பிவிடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரையாளரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. ஏனென்றால் முதல் பார்வையில் எனக்கும் அதே எண்ணம்தான் தோன்றியது. பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ரூவானை அடைந்து, பேராலயத்தைப் பார்த்துவிட்டு, கடிகார வளைவின் அடியில் நுழைந்து மேற்கு நோக்கி நடந்தோம். அந்தத் தெரு முழுவதும் பழைமையின் மணம். தெரு முடிந்து சதுக்கம் விரிகிற இடத்தில், சுற்றிலும் குறுகலாக உயர்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகளுக்கு நடுவே, கற்பலகை வேய்ந்த கூரை ஒன்று வளைந்தும் நெளிந்தும் கூர்ந்தும், சில இடங்களில் தரையைத் தொட்டுவிடுவதுபோலத் தாழ்ந்தும் கிடந்தது. கோபுரம் இல்லை, நாம் தேவாலயம் என்று எண்ணிப் பழகிய முகப்பும் இல்லை. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்து, ஜோனின் கதையை ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களுக்குச் சொல்லிவந்த எனக்கு, அந்தப் புனிதமான மண்ணில் இப்படியொரு கட்டடத்தை எப்படி அனுமதித்தார்கள் என்ற கோபமே முதலில் எழுந்தது. உள்ளே போய்ப் பார்த்த பிறகு பேசுங்கள் என்று என் மகள் வற்புறுத்தியிருக்காவிட்டால், நானும் அந்தக் கோபத்தோடே பாரிஸ் திரும்பியிருப்பேன்.

வாயில் பெரிதாக இல்லை. வெளிச்சத்திலிருந்து சற்று மங்கலான இடத்துக்குள் நுழைகிறோம். சில அடிகள் வைத்துத் திரும்பியதும், எதிரே சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சுவரே இல்லை. நெடுகிலும் வண்ணக் கண்ணாடி நிற்கிறது. நீலமும் சிவப்பும் பொன்மஞ்சளும் பச்சையுமாக, பதின்மூன்று சாளரங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடர்ந்து, ஒளியாலேயே நெய்த திரைச்சீலைபோல அந்தப் பக்கம் முழுவதையும் நிறைத்திருக்கின்றன. தலைக்கு மேலே மரப்பலகைகளால் ஆன விதானம், கவிழ்த்து வைத்த பெரிய தோணியின் உட்புறம்போல வளைந்து செல்கிறது. கீழே பீடத்தை நோக்கி வரிசையாக இருக்கைகள். வெளியே என்னைக் கோபப்படுத்திய அத்தனை வளைவுகளும், உள்ளே வந்தவுடன் அந்தக் கண்ணாடிகளுக்குக் கூரையாகவும் நிழலாகவும் மாறிவிட்டதை உணர்ந்தேன். என் மகள் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் பக்கத்தில் இருந்த இருக்கையில் உட்கார்ந்துவிட்டோம்.

அந்தக் கண்ணாடிகள் இந்தக் கட்டடத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதே நகரில், இந்தச் சதுக்கத்துக்குச் சற்றுத் தொலைவில் இருந்த புனித வின்சென்ட் தேவாலயத்தின் பீடப் பகுதியைச் சுற்றி நானூறு ஆண்டுகளுக்கு மேல் அவை நின்றிருந்தன. 1939-இல் போர் மேகம் சூழ்ந்தபோது, அவற்றைக் கழற்றிப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசென்றார்கள். வண்ணக் கண்ணாடிச் சாளரம் என்பது ஒற்றைக் கண்ணாடி அன்று. சிறு சிறு துண்டுகளை ஈயப் பட்டைகளால் பிணைத்து, பிணைத்த பலகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிறுத்துவது. அதைக் கழற்றுவதென்றால் பலகம் பலகமாக, ஒன்றும் உடையாமல், எது எங்கே இருந்தது என்ற கணக்கும் தவறாமல் கழற்ற வேண்டும். யாரோ சில தொழிலாளர்கள் அந்த வேலையை அவசரமான காலத்திலும் பொறுமையாகச் செய்து முடித்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரிந்திருந்தால் இக்கடிதத்தில் முதலில் எழுதியிருப்பேன்.

1944 மே மாத இறுதியில், நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்குவதற்குச் சில நாள்களுக்கு முன்பு, சேன் ஆற்றின் பாலங்களைத் தகர்ப்பதற்காக ரூவான் மீது குண்டுகள் வீசப்பட்டன. மே 30 முதல் ஜூன் 5 வரை நீடித்த அந்த நாள்களை அந்நகர மக்கள் ‘சிவப்பு வாரம்’ என்றே இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பேராலயமே தீப்பற்றிப் பெரும் சேதம் அடைந்தது. புனித வின்சென்ட் தேவாலயம் அழிந்துபோயிற்று. கண்ணாடிகள் மட்டும் எஞ்சின. தேவாலயம் இல்லாத சாளரங்களாக, வெளிச்சம் படாமல், பல பத்தாண்டுகள் அவை காத்திருந்தன. ஆகவே 1979-இல் திறக்கப்பட்ட இந்தப் புதிய தேவாலயத்தை, பழைய சதுக்கத்தில் இடம்பிடித்துக்கொண்ட புதிய கட்டடம் என்று சொல்வது சரியாகாது. சதுக்கத்தில் உள்ளவற்றிலேயே மிக அருமையானவை எவை என்று கேட்டால், அந்தக் கூரைக்குள் இருக்கும் கண்ணாடிகளைத்தான் நான் காட்டுவேன்.

கண்ணாடிகளைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். ஒரு சாளரத்தில் மாதாவின் தாயான புனித அன்னம்மாளின் வழித்தோன்றல்கள் ஒரு மரத்தின் கிளைகளாக விரிகிறார்கள். வேறு சாளரங்களில் இராயப்பர் என்னும் புனித பேதுருவின் வாழ்க்கையும், ஆண்டவரின் பாடுகளும், சிலுவை மரணமும், உயிர்ப்பும் உள்ளன. பதுவை அந்தோனியாரும் இருக்கிறார். போவே நகரத்தைச் சேர்ந்த லு பிரின்ஸ் குடும்பத்துக் கலைஞர்கள் 1520-களில் செய்த தேர்ச் சாளரம்தான் எல்லாரும் தேடிச் சென்று பார்ப்பது. அதில் மூன்று தேர்கள் வருகின்றன: பாவம் அறியாத ஆதாம் ஏவாளின் தேர், அவர்களை அடிமைகொண்ட தீமையின் தேர், இறுதியில் மாதாவின் வெற்றித் தேர். ஊர்வலமாகச் செல்லும் தேர்களைக் கண்ணாடியில் வரைந்து, அதன் வழியாக மனித குலத்தின் வீழ்ச்சியையும் மீட்பையும் சொல்லிவிட்ட அந்தக் கலைஞர்களின் துணிவு என்னை வியக்க வைத்தது. முழுக் கதையும் ஓர் ஓட்டத்திலேயே நடக்கிறது; எந்தத் தேரும் நிற்கவில்லை.

ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது இரக்கச் செயல்களைக் காட்டும் சாளரம். பசித்தவருக்கு உணவு, தாகமுற்றவருக்குத் தண்ணீர், ஆடையற்றவருக்கு ஆடை என்று மறைக்கல்வியில் நாம் மனப்பாடம் செய்தவை, அங்கே 16-ஆம் நூற்றாண்டு நகரத்து மக்களின் உடையிலும் முகத்திலும் நடக்கின்றன. அந்தப் பொன்மஞ்சள் நிறத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வெள்ளியின் சேர்மத்தைக் கண்ணாடியின் மேல் பூசிச் சூளையில் சுட்டால், அது கண்ணாடிக்குள் இறங்கி வெளிர்மஞ்சள் முதல் ஆழ்ந்த பொன்நிறம் வரை தரும். அக்காலக் கலைஞர்கள் முடி, கிரீடம், ஆடையின் கரை ஆகியவற்றை இந்த முறையில்தான் ஒளிரச் செய்தார்கள். ஒரே கண்ணாடித் துண்டில் வெண்மையான முகமும் பொன்னான கூந்தலும் ஈயப் பட்டையின் குறுக்கீடு இல்லாமல் அமைவது இதனால்தான். பேராலயங்களில் இத்தகைய சாளரங்கள் பெரும்பாலும் தலையை அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கும். இங்கே அருகில் போய் நின்று ஒரு விரலின் கோட்டைக்கூடப் பார்க்க முடிகிறது. மேல் வரிசைகளுக்காக மட்டும் ஒரு சிறிய தொலைநோக்கியை எடுத்துச் சென்றிருக்கலாமே என்று எண்ணினேன்.

இனி, பொருந்தாமை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இந்தத் தேவாலயத்தை வடிவமைத்தவர் லூயி அரெட்ஷ். போரில் தரைமட்டமான சான் மாலோ என்ற கோட்டை நகரத்தின் மறுகட்டுமானத்துக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. அங்கே அவர் செய்தது நேர்மாறானது: கருங்கல் வீடுகளும் செங்குத்தான கூரைகளும் உயர்ந்த புகைபோக்கிகளுமாக, அழிந்த நகரத்தின் தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். இன்று அங்கே செல்கிறவர்கள் பலர் அது 20-ஆம் நூற்றாண்டில் எழுந்த நகரம் என்பதையே அறியாமல் திரும்புகிறார்கள். பழைய பாணியில் கட்டத் தெரியாதவரோ, பழைமையின் மீது மதிப்பில்லாதவரோ அல்லர் அவர். விரும்பியிருந்தால் ரூவானிலும் கூர்வளைவுகளும் கோபுரமும் கொண்ட தேவாலயம் ஒன்றை எழுப்பியிருக்க முடியும். அவர் அதைத் தவிர்த்ததற்குக் காரணம் அந்த நிலத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

சான் மாலோவில் இருந்த ஒன்று அழிந்தது, அதை மீட்டார்கள். பழைய சந்தைச் சதுக்கத்தில் மீட்பதற்கு ஜோனின் தேவாலயம் என்ற ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை. 1431 மே 30 அன்று, ஆங்கிலேயர் வசமிருந்த ரூவானில், ஆயர் பியேர் கோஷோன் தலைமையில் நடந்த விசாரணையின் முடிவில், ஏறத்தாழ பத்தொன்பது வயதான அந்தப் பெண்ணை இந்தச் சந்தை வெளியில்தான் எரித்தார்கள். சாம்பலைச் சேன் ஆற்றில் கொட்டினார்கள். கல்லறை கட்ட ஓர் எலும்பும் மிஞ்சவில்லை. உயிரோடிருந்த காலத்தில் வரைந்த உண்மையான உருவப்படமும் நமக்கு வந்துசேரவில்லை. 1456 ஜூலை 7 அன்று அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தவர்கள், அவர் இறந்த இடத்தில் ஒரு சிலுவையை நாட்ட வேண்டும் என்றும் ஆணையிட்டார்கள். திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது 1920-இல். இப்படிப்பட்ட ஒருவருக்கு 15-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம்போலத் தோற்றமளிக்கும் ஒன்றை 1979-இல் கட்டியிருந்தால், அவரை எரித்த நூற்றாண்டே அவருக்குக் கோவிலும் கட்டியது என்ற பொய்யான எண்ணம் பார்ப்பவர் மனத்தில் படிந்திருக்கும். வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. இந்தக் கட்டடம் தன் வயதை மறைக்கவில்லை. காலம் கடந்து வந்த மரியாதை இது என்பதை அதன் தோற்றமே சொல்லிவிடுகிறது.

கூரையின் வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். எழுந்து கூர்ந்து வளையும் அந்தக் கோடுகளில் தீச்சுவாலையைக் காண்பவர்கள் உண்டு. கவிழ்ந்த கப்பலைக் காண்பவர்களும், கற்பலகைகளின் அடுக்கில் மீனின் செதிலைக் காண்பவர்களும் உண்டு. ஆற்றுத் துறைமுகமாக வளர்ந்த நகரம் ரூவான். வடக்கேயிருந்து படகுகளில் வந்தவர்களின் வழியில்தான் நார்மண்டி என்ற பெயரே பிறந்தது. மீனும் கப்பலும் கிறிஸ்தவத்தின் மிகப் பழைய அடையாளங்கள். வெளியே நின்றபோது எனக்குத் தீ மட்டுமே தெரிந்தது. உள்ளே விதானத்தைப் பார்த்தபோது கப்பல் மட்டுமே தெரிந்தது. ஒரே கூரை வெளியே நெருப்பாகவும் உள்ளே அடைக்கலமாகவும் இருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சதுக்கத்தில் தேவாலயத்தை ஒட்டிக் கிடக்கும் கல் அடித்தளங்களைப் பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அவை பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இடிக்கப்பட்ட புனித மீட்பர் ஆலயத்தின் எச்சங்கள். நாடகாசிரியர் பியேர் கோர்னேய் 1606-இல் திருமுழுக்குப் பெற்ற ஆலயம் என்பது அதன் பெருமைகளுள் ஒன்று. ஆனால் எனக்கு அந்தக் கற்கள் முக்கியமானதற்குக் காரணம் வேறு. எரியூட்டப்படும் முன் ஜோன் ஒரு சிலுவை வேண்டும் என்று கேட்டார். அங்கிருந்த ஆங்கிலேயர் ஒருவர் கையில் கிடைத்த குச்சியைக் கொண்டு சிறு சிலுவை செய்து கொடுக்க, அதை வாங்கித் தம் ஆடைக்குள் மார்போடு வைத்துக்கொண்டார். பிறகு, அருகிலுள்ள கோவிலிலிருந்து சிலுவையைக் கொண்டுவந்து, உயிர் பிரியும் வரை தம் கண்ணெதிரே உயர்த்திப் பிடிக்குமாறு வேண்டினார். மறுவிசாரணையில் சாட்சி சொன்னவர்கள், அந்தச் சிலுவை புனித மீட்பர் ஆலயத்திலிருந்தே வந்தது என்று கூறியிருக்கிறார்கள். அந்த ஆலயத்தின் அடித்தளம் ஒரு பக்கம். சற்றுத் தள்ளி, அவர் எரிக்கப்பட்ட இடத்தை உணர்த்த நாட்டப்பட்ட உயரமான சிலுவை மற்றொரு பக்கம். சிலுவையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடிவந்த தூரம் எவ்வளவு குறுகியது என்பதை அங்கே நின்றால்தான் உணர முடியும். பல ஆண்டுகள் இந்த நிகழ்ச்சியை வகுப்பில் சொன்ன நான், அன்று அந்தச் சில அடிகளை நடந்தபோது என் கண்கள் கலங்கின என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அரெட்ஷின் திட்டத்தை நான் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தேவாலயத்தைச் சதுக்கத்தின் நடுவில் பெருமிதமாக நிறுத்தி, மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட அவர் முனையவில்லை. பழைய அடித்தளங்கள் வெளியே தெரியும்படி விடப்பட்டிருக்கின்றன. எரித்த இடத்தில் சுவரோ கூரையோ இல்லை. மழையும் வெயிலும் படும்படி அது திறந்தே கிடக்கிறது. தேவாலயத்தோடு ஒரே கூரைத் தொடரில் சந்தைக் கடைகளும் அமைந்துள்ளன. மீனும் காய்கறியும் விற்கும் இடம் வழிபாட்டு இடத்துக்கு இவ்வளவு அருகில் இருக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்தச் சதுக்கத்தின் பெயரே பழைய சந்தை. சந்தைக்கு வந்த மக்கள் கூடியிருந்த வெளியில்தான் ஜோன் இறந்தார். அந்த மக்களின் அன்றாட வாழ்க்கையை அங்கிருந்து அகற்றிவிட்டு அவருக்கு நினைவிடம் எழுப்பியிருந்தால், இடமே வேறொன்றாகியிருக்கும்.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சில கோணங்களில் கூரையின் கனம் பக்கத்து வீடுகளை அமுக்குவதாகவே தோன்றுகிறது. கோபுரத்தை எதிர்பார்த்து வருகிறவருக்கு வாயில் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலிலேயே பலர் சலித்துத் திரும்புகிறார்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் உள்ளே இருந்த நேரத்தில் எத்தனையோ பயணக் குழுக்கள் சிலுவையின் அருகே படம் எடுத்துக்கொண்டன. உள்ளே வந்தவர்கள் மிகச் சிலர். நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லாத இடத்தில், பதின்மூன்று சாளரங்களின் முன் இத்தனை இருக்கைகள் காலியாகக் கிடந்தது எனக்குப் பெரும் துயரமாக இருந்தது.

எனவே தங்கள் வாசகர்களில் ரூவானுக்குச் செல்லவிருப்போருக்கு என் பணிவான வேண்டுகோள் இது. முதலில் புனித மீட்பர் ஆலயத்தின் அடித்தளத்தின் அருகே நின்றுவிட்டு, அங்கிருந்து சிலுவைவரை நடந்து செல்லுங்கள். பிறகு உள்ளே செல்லுங்கள். வெளிச்சம் நன்றாக இருக்கும் பகல் வேளையில் செல்வது முக்கியம். இருட்டிய பின் கண்ணாடிகள் உள்ளிருந்து பார்ப்பவருக்கு எதுவும் காட்டா. உள்ளே போனவுடன் சாளரங்களை நெருங்க வேண்டாம். பின்வரிசையில் அமர்ந்து கண் பழகும்வரை காத்திருந்து, அதன்பின் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேகம் விலகி வெயில் வரும்போது ஒரே சாளரம் சில நொடிகளில் வேறொரு சாளரமாக மாறும். அது வழிபாடு நடக்கும் தேவாலயம் என்பதால், திருப்பலி நேரத்தில் சென்றால் முடியும்வரை அமைதி காப்பது நம் கடமை. ஒரு மணி நேரமாவது ஒதுக்காமல் செல்வதில் பயனில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தக் கட்டுரையுடன் வெளியான ஒரே படம் தேவாலயத்தின் வெளிக்கூரையைக் காட்டியது. அடுத்த முறை நார்மண்டியைப் பற்றி எழுதும்போது, தேர்ச் சாளரத்தின் படத்தையோ, இரக்கச் செயல்களின் சாளரத்தையோ வண்ணத்தில் வெளியிட்டு, அவை 1939-இல் கழற்றப்பட்டு, தம் தேவாலயத்தை இழந்து, 1979-இல் இந்தக் கூரையின் கீழ் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த வரலாற்றையும் சில வரிகளில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் நீண்டுவிட்டது, இடம் கருதிச் சுருக்க நேர்ந்தால், என் சொந்த அனுபவங்களை நீக்கிவிட்டுக் கண்ணாடிகளைப் பற்றிய பகுதியை மட்டும் அப்படியே வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்